வென்றவர் யார்? ‘ஸ்டார்கிராஃப்ட்: புரூட் வார்’ விரிவாக்கத்தில் ஆணை, அறியாமை, உடந்தை

ஆய்வுச்சுருக்கம்

பிளிசார்ட் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்னும் அறிவியல் புனைவு வியூக விளையாட்டுக்கு அதே ஆண்டின் இறுதியில் ‘புரூட் வார்’ என்னும் விரிவாக்கத் தொகுப்பு வெளிவந்தது. இதன் 26 முதன்மைக் கட்டங்களிலும் ஆட்டக்காரர் வென்றாக வேண்டும். வெல்லாமல் கதை நகராது. ஆயினும் அவ்வெற்றி யாருக்குப் பயன்பட்டது என்பதை அவர் பெரும்பாலும் வெற்றிக்குப் பின்னரே அறிகிறார். ஆணை பெறுபவராக மட்டும் ஆட்டக்காரரை நிறுத்தி, அறியாமையிலிருந்து உடந்தைக்கு அவரை நகர்த்தும் கதையமைப்பையும், புதிய படைவகைகளின் விதிகள் அக்கதையோடு கொள்ளும் உறவையும், போட்டி விளையாட்டாக அது வளர்ந்தபோது அவ்வுறவுக்கு நேர்ந்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கணினி விளையாட்டு, நிகழ்நேர வியூகம், அறிவியல் புனைவு, முன்னிலைக் கூற்று, கேட்போர், விதியும் கதையும்

முன்னுரை

கணினி விளையாட்டைத் திறனாய்வுக்கு உட்படுத்துவோர் பொதுவாக இரண்டு வழிகளில் ஒன்றைப் பற்றிக்கொள்கின்றனர். விளையாட்டின் கதையைத் தனியே உரித்தெடுத்து நாவலைப் போல் வாசிப்பது ஒன்று. கதையை வெறும் அலங்காரமாகத் தள்ளிவிட்டு விதிகளை மட்டும் ஆராய்வது மற்றொன்று. முதல் வழியில் ‘புரூட் வார்’ போன்ற ஓர் ஆக்கம் சுமாரான விண்வெளிப் புனைகதையாகவே எஞ்சும். அதன் உரையாடல்கள் பல இடங்களில் மேடை நாடகத் தொனியில் முழங்குபவை. இரண்டாம் வழியில் அது சதுரங்கத்தின் விரைவான, சிக்கலான வடிவமாகிவிடும். கதை சொல்வதற்கும் ஆட்டக்காரரைச் செய்யவைப்பதற்கும் இடையே திட்டமிட்டு உண்டாக்கப்பட்ட பிளவு இவ்விரு வாசிப்புகளிலும் அகப்படுவதில்லை. ‘புரூட் வார்’ தன் தலைமை விளையாட்டை விஞ்சி நிற்கும் இடம் அப்பிளவே.

விரிவாக்கத் தொகுப்பு என்னும் வடிவம் பற்றி முதலில் ஒரு சொல். அது தனித்து இயங்காது. மூல விளையாட்டு கணினியில் இருந்தால்தான் இயங்கும். வணிக நோக்கில் அது பழைய சரக்கின் ஆயுளை நீட்டுவது. 1998ஆம் ஆண்டிலேயே ‘ஸ்டார்கிராஃப்ட்’ விளையாட்டுக்கு ‘இன்சரெக்சன்’, ‘ரெட்ரிபியூசன்’ என்னும் இரு துணைத் தொகுப்புகள் பிற நிறுவனங்களால் உரிய இசைவுடன் வெளியிடப்பட்டன. அவை புதிய களங்களைத் தந்தனவேயன்றிப் படைவகை எதையும் சேர்க்கவில்லை. இன்று அவற்றை நினைவுகூர்வோர் மிகச் சிலர். ‘புரூட் வார்’ ஏழு படைவகைகளைச் சேர்த்தது. அதனினும் முக்கியமாக, மூலக் கதை எங்கே நிறைவடைந்ததோ அந்நிறைவை அது குலைத்தது.

மூன்று இனங்கள், மாறிய வரிசை

விளையாட்டில் மூன்று இனங்கள் உள்ளன. டெர்ரன் எனப்படுவோர் பூமியிலிருந்து தொலைதூர விண்மண்டலத்துக்கு வந்து சேர்ந்த மனிதரின் வழியினர். ஜெர்க் என்பது பிற உயிர்களைத் தன்னுள் கலந்துகொண்டு பெருகும் திரள். புரோட்டாஸ் தொன்மையான, மன ஆற்றல் மிக்க போர்க்குடி. மூல விளையாட்டில் டெர்ரன், ஜெர்க், புரோட்டாஸ் என்ற வரிசையில் பத்துப் பத்துக் கட்டங்களாகக் கதை செல்லும். டாசடார் என்னும் புரோட்டாஸ் தலைவன் தன் கப்பலோடு மோதித் தன்னையே அழித்துக்கொண்டு, ஜெர்க் திரளின் மூளையான ஓவர்மைண்டை அழிப்பதில் அக்கதை முடியும். இறுதி இடம் தியாகத்துக்கு உரியது.

விரிவாக்கம் இவ்வரிசையைப் புரோட்டாஸ் எட்டு, டெர்ரன் எட்டு, ஜெர்க் பத்து என மாற்றியமைக்கிறது. மூலத்தில் நடுவில் நின்ற ஜெர்க் இறுதிக்கு வருகிறது. இறுதிச் சொல் கெரிகனுக்குப் போகிறது. கெரிகன் முன்னர் மனிதப் பெண். டெர்ரன் கிளர்ச்சிப்படையின் உளவு வீராங்கனை. டார்சோனிஸ் கோளில் தன் தலைவன் மெங்ஸ்க்கால் கைவிடப்பட்டு ஜெர்க் திரளால் உருமாற்றப்பட்டவள். கைவிடப்பட்டவளே பிறரைக் கைவிடுபவளாக ஆவது இக்கதையின் மேல்தள நகர்வு. அதனைப் பலரும் எடுத்துப் பேசியுள்ளனர். அதற்கு அடியில் ஆட்டக்காரரின் இடம் நகர்வது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

விடை சொல்லாத முன்னிலை

ஒவ்வொரு கட்டத்துக்கும் முன் ஓர் ஆணையுரை நிகழ்கிறது. பாத்திரங்களின் முகங்கள் சிறு சட்டங்களில் தோன்றி ஆட்டக்காரரை நோக்கிப் பேசுகின்றன. புரோட்டாஸ் பகுதியில் அவர் ‘எக்சிகியூட்டர்’, டெர்ரன் பகுதியில் ‘கேப்டன்’, ஜெர்க் பகுதியில் ‘செரிபிரேட்’. பெயர் இல்லை, முகம் இல்லை, விடை கூறும் வாய் இல்லை. பதவியால் மட்டும் விளிக்கப்படும் இந்த முன்னிலை, கேட்பதும் நிறைவேற்றுவதும் அன்றி வேறெதுவும் செய்வதற்கில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் 34 உறுப்புகளுள் கேட்போரையும் ஓர் உறுப்பாக எண்ணுகிறது. கூற்றின் பொருளைத் தீர்மானிப்பதில் கேட்பவருக்கும் பங்குண்டு என்னும் அவ்வறிவு இங்கே பெரிதும் துணைசெய்யும். ஒரே கெரிகன், புரோட்டாஸ் எக்சிகியூட்டரிடம் பேசும்போது நட்பை வேண்டுபவள். செரிபிரேட்டிடம் பேசும்போது எதையும் மறைக்காதவள். கேட்பவர் இருமுறையும் அதே ஆட்டக்காரர்தான்.

மூல விளையாட்டிலும் இப்பேசா முன்னிலை இருந்தது. எனினும் அங்கு அதற்கு ஒரு மாண்பு இருந்தது. டார்சோனிஸில் கெரிகன் கைவிடப்பட்டபின், ஆட்டக்காரரும் ரேனரோடு சேர்ந்து மெங்ஸ்க்கை விட்டு விலகுகிறார். புரோட்டாஸ் பகுதியில் மேலிடத்தின் ஆணையை மீறி டாசடாரின் பக்கம் நிற்கிறார். அவர் வாய் திறக்காவிடினும் கதை அவரை அறத்தின் பக்கமாக அழைத்துச் சென்றது. ‘புரூட் வார்’ இந்த ஆறுதலைப் பறித்துவிடுகிறது. இதில் பக்கம் மாறும் வாய்ப்பு ஆட்டக்காரருக்கு ஒருமுறையும் தரப்படுவதில்லை.

முதற் பகுதியைக் காண்க. தாயகமான அயூரை இழந்த புரோட்டாஸ் மக்கள், இருண்ட டெம்ப்ளர்களின் கோளான சகுராஸில் அடைக்கலம் புகுகின்றனர். அங்குள்ள முதுதலைவி ரசகல், கெரிகனோடு உடன்படிக்கை கொள்ள இசைகிறாள். உராஜ், கலிஸ் என்னும் இரு படிகங்களைத் தேடும் படலம் இதன் பின் வருகிறது. இது விரிவாக்கத்தின் நலிந்த பகுதி. மந்திரப் பொருளைத் தேடிச் செல்லும் கதைகளில் பழகிப்போன சட்டகம் அப்படியே எடுத்தாளப்பட்டுள்ளது. ஆனால் ஏழாம் கட்டத்தில் ஆல்டாரிஸ் கிளர்ந்தெழும்போது கதை சட்டென்று எடை பெறுகிறது. மூல விளையாட்டில் ஆல்டாரிஸ் டாசடாரை எதிர்த்து நின்ற பழைமைவாதி. ஆட்டக்காரருக்கு அவன்மேல் நன்மதிப்பு இருக்க வழியில்லை. எனவே அவனது கிளர்ச்சியை ஒடுக்கும் ஆணை இயல்பானதாகவே தோன்றும். ஒடுக்கியபின் ஆல்டாரிஸ் காரணத்தைச் சொல்ல வாயெடுக்கிறான். கெரிகன் அங்கேயே அவனைக் கொன்றுவிடுகிறாள். சரியான ஐயத்தைத் தவறான வாயில் வைத்தது கதையாசிரியர்களின் கூர்மை. அவன் சொல்ல வந்தது ரசகல் தன்வயத்தில் இல்லை என்பதை. ஆட்டக்காரருக்கு அது தெளிவாக உறுதிப்படுவது வெகுநேரம் கழித்து, ஜெர்க் பகுதியில்தான்.

இரண்டாம் பகுதியில் பூமியிலிருந்து அனுப்பப்பட்ட படை வருகிறது. தொடக்கக் காணொளியிலேயே அதன் இயல்பு காட்டப்பட்டுவிடுகிறது. கீழே மனித வீரர்கள் ஜெர்க் திரளால் வீழ்த்தப்படுகின்றனர். மேலே கப்பலில் நின்று அட்மிரல் டுகாலும் துணை அட்மிரல் ஸ்டுகோவும் அதனைக் காண்கின்றனர். உதவும் வல்லமை இருந்தும் உதவாமல் கப்பல் அகன்றுவிடுகிறது. உயரத்திலிருந்து போரைக் காண்பது இவ்வகை விளையாட்டில் ஆட்டக்காரரின் நிலையான பார்வைக்கோணம். அக்காணொளி அவரைத்தான் முன்கூட்டியே படம்பிடிக்கிறது எனலாம்.

ஜெர்க் திரளைக் குலைக்கவல்ல ‘சை டிஸ்ரப்டர்’ கருவியை அழித்துவிடுமாறு டுரான் என்னும் உள்ளூர்க்காரன் டுகாலைத் தூண்டுகிறான். ஸ்டுகோவ் அதனை மறைவாகக் காப்பாற்றிப் பிராக்சிஸில் மீண்டும் நிறுவுகிறார். டுகால் அதனைத் துரோகம் எனக் கொள்கிறார். ‘தேசபக்தனின் குருதி’ எனப் பொருள்படும் ஏழாம் கட்டத்தில், ஸ்டுகோவைத் தேடும் சிறு படையை ஆட்டக்காரர் அடியடியாக அக்கட்டடத்துக்குள் நடத்திச் செல்கிறார். சுடுபவன் டுரான். உயிர் பிரியுமுன் ஸ்டுகோவ் உண்மையை உரைக்கிறார். முதற் பகுதியில் நெடுநேரம் தள்ளிப்போடப்பட்ட அறிதல், இங்கே கட்டத்தின் நடுவிலேயே வந்துவிடுகிறது. ஆனால் வருந்துவதற்கு இடைவெளி கிடையாது. கருவி வெடித்துச் சிதறாமல் தடுக்க உடனே ஓடவேண்டும். திரையில் நேரம் குறைந்துகொண்டிருக்கிறது. ஒரு கொலையின் உண்மை வெளிப்பட்ட நொடியிலேயே அடுத்த பணியைத் தலையில் ஏற்றுவது, ஆணைக்கு அடங்கிய பணியாளரின் மனநிலையை எந்த உரையாடலையும்விடச் செறிவாக உணர்த்துகிறது. விரிவாக்கம் முழுவதிலும் இதற்கு இணையான கட்டம் வேறில்லை.

இப்பகுதியில்தான் ஆட்டக்காரருக்கு ஒரு ‘தேர்வு’ தரப்படுகிறது. கோர்ஹால் மீதான தாக்குதலில், அணு ஏவுகணைக் கிடங்குகளை அழிப்பதா, பெருங்கப்பல்களுக்குரிய ஆய்வகங்களை அழிப்பதா என்று அவர் முடிவுசெய்யலாம். அதற்கேற்ப அடுத்த கட்டம் மாறும். எவ்வாறு மாறும் எனில், எதிரி எந்தப் படைக்கலத்தால் அவரைத் தாக்குவான் என்பது மாறும்; கதையில் ஓர் அணுவும் மாறாது. ஆணை பெறுபவருக்கு வாய்த்த உரிமையின் அளவு இவ்வளவே.

மூன்றாம் பகுதியில் அறியாமையும் போய்விடுகிறது. கெரிகன் தன் திட்டங்களைச் செரிபிரேட்டிடம் வெளிப்படையாகவே சொல்கிறாள். ரேனர், ஃபீனிக்ஸ், மெங்ஸ்க் ஆகியோரோடு கூட்டுச் சேர்ந்து கோர்ஹாலை மீட்டபின், ஐந்தாம் கட்டத்தில் களைத்து ஓய்வெடுக்கும் கூட்டாளிகளின் பாசறைகளைத் தாக்கும் ஆணை வருகிறது. ஃபீனிக்ஸும் தளபதி டியூக்கும் கொல்லப்படுகின்றனர். முந்தைய கட்டத்தில் ஆட்டக்காரரோடு தோளோடு தோள் நின்ற அதே படைகள். ‘எனக்குத் தெரியாது’ என்று இம்முறை அவர் சொல்லிக்கொள்ள முடியாது. கூட்டாளிகள் கெரிகனை நம்பியது சற்று எளிதில் நிகழ்ந்துவிடுகிறது என்பது உண்மையே. முன்னர் ஒருமுறை ஏமாந்த ரேனரும் ஃபீனிக்ஸும் இத்துணைக் கண்மூடித்தனமாக இருப்பரோ என்னும் வினா எழாமல் இராது. ஆயினும் அறியாமை, தாமதித்த அறிதல், முன்கூட்டியே அறிந்து செய்தல் என மூன்று படிகளாக ஆட்டக்காரரை இறக்கிக் கொண்டுவரும் வரிசைக்கு அக்குறை ஒரு விலை எனக் கொள்ளலாம். இனங்களின் வரிசை மாற்றப்பட்டதன் தேவை இங்கேதான் விளங்குகிறது. ஜெர்க் பகுதி நடுவில் இருந்திருப்பின் இவ்விறக்கம் அமைந்திராது.

நிறம் மாறாத அடிமை

புதிய படைவகைகளில் புரோட்டாஸின் ‘டார்க் ஆர்கான்’ தனித்துக் கருதத்தக்கது. இரு டார்க் டெம்ப்ளர்கள் ஒன்றாய்க் கலந்து இது உருவாகிறது. பகைவரின் படையுரு ஒன்றை நிலையாகத் தன்வசப்படுத்தும் ஆற்றல் இதற்கு உண்டு. அதனைப் பயன்படுத்துகையில் தன் காப்புக்கவசம் முழுவதையும் இது இழக்கும். பகைவரின் கட்டுமானப் பணியாளர் ஒருவரை வசப்படுத்தினால் அவ்வினத்தின் படைவீடு முழுவதையுமே எழுப்பலாம். பிறர் மனத்தைக் கைப்பற்றும் இவ்வாற்றல் விதித்தொகுதியில் முதன்முதலாகச் சேர்வது, பிறர் மனத்தைக் கைப்பற்றியதால் விளைந்த அழிவைக் கதைப்பொருளாகக் கொண்ட அதே விரிவாக்கத்தில் என்பது தற்செயலாயினும் பொருளுடையது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் பொருளுடையது. களத்தில் வசப்படுத்தப்பட்ட படையுரு அக்கணமே நிறம் மாறும். சிவப்பாக இருந்தது நீலமாகும். யார் யாருடையவர் என்பது திரையில் ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். ரசகலுக்கு நிறம் மாறவில்லை. அவளது முகம், குரல், அவளிடம் மக்கள் கொண்ட மதிப்பு எல்லாம் முன்போலவே உள்ளன. நிறத்தைக் கண்டு நட்பையும் பகையையும் பிரித்துப் பழகிய ஆட்டக்காரரின் கண், கதை தரும் ஒரே ஒரு உண்மையான வசப்படுத்தலைக் காணாமல் போவதற்கு அப்பழக்கமே காரணமாகிறது. ஃபீனிக்ஸ் கொல்லப்படும் கட்டத்துக்கு ‘உண்மை நிறங்கள்’ எனப் பொருள்படும் பெயர் சூட்டப்பட்டிருப்பதையும் இங்கே சேர்த்து எண்ணலாம். ரசகலை விடுவிக்க வேறு வழியின்றி ஜெராட்டுல் தன் கையாலேயே அவளைக் கொல்கிறான். விதித்தொகுதியிலும் வசப்பட்ட படையுருவை அழிக்கலாம், மீண்டும் வசப்படுத்தலாம். அதன் மனத்தை அதற்கே திருப்பிக் கொடுக்க வழி இல்லை. கதையும் விதியும் இங்கே ஒன்றையொன்று விளக்குகின்றன.

டெர்ரன் படையில் சேர்ந்த ‘மெடிக்’ வேறொரு வகையில் கவனத்துக்குரியது. படைக்கலம் ஏந்தாத, காயம் ஆற்றும் பெண். போர்க்களத்தில் இரக்கத்தின் உரு எனத் தோன்றும். ஆனால் மூல விளையாட்டிலேயே மரைன் வீரன் ஊக்கமருந்து ஏற்றிக்கொண்டு விரைந்து சுடும் வசதி இருந்தது. அதற்கு விலையாக அவனது 40 உயிர்ப்புள்ளிகளில் 10 குறையும். மெடிக் வந்தபின் அவ்விலை உடனுக்குடன் ஈடுசெய்யப்படுகிறது. தயக்கத்தோடு ஏற்றப்பட்ட மருந்து ஓயாமல் ஏற்றப்படும் மருந்தாயிற்று. காயத்தை ஆற்றுவது வீட்டுக்கு அனுப்ப அன்று. அடுத்த காயத்துக்கு ஆயத்தப்படுத்த. போர்மருத்துவத்தின் மீதான இவ்வளவு கடுமையான பார்வை கதையில் எந்தப் பாத்திரத்தாலும் கூறப்படவில்லை. விதி கூறுகிறது.

போட்டிக் களத்தில் எஞ்சியவை

இவ்வாசிப்புக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ‘புரூட் வார்’ உலகில் நிலைத்தது கதையால் அன்று. தென்கொரியாவில் அது தொலைக்காட்சி அலைவரிசைகளும் சம்பளம் பெறும் ஆட்டக்காரர்களும் கொண்ட போட்டி விளையாட்டாக வளர்ந்தது. 2000இல் கொரிய மின்விளையாட்டுச் சங்கம் அமைந்தது. 2004இல் புசான் நகரின் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த இறுதிப்போட்டியைக் காண ஒரு லட்சம் பேர் திரண்டதாகக் கூறப்பட்டது. அவர்களுள் ரசகலைப் பற்றிக் கவலைப்பட்டவர் எத்தனை பேர் என்னும் கேள்வி நியாயமானது. டெர்ரன், ஜெர்க் என்பன அங்கே வெறும் மூன்று ஆட்டமுறைகளுள் இரண்டின் பெயர்கள்.

மறுப்பை ஏற்றுக்கொண்டே ஒன்றைக் கவனிக்கலாம். போட்டிக் களம் புதிய படைவகைகள் அனைத்தையும் ஒரே அளவில் எடுத்துக்கொள்ளவில்லை. மெடிக் இன்றி ஜெர்க்கை எதிர்க்கும் டெர்ரன் ஆட்டம் இல்லை என்னும் அளவுக்கு அது மையமாயிற்று. மண்ணுள் புதைந்திருந்து தாக்கும் ஜெர்க் ‘லர்க்கர்’, புரோட்டாஸின் ‘கோர்செயர்’ விண்கலம் ஆகியனவும் அவ்வாறே. டார்க் ஆர்கான் மட்டும் மிக அரிதாகவே வந்தது. வந்தபோது பார்வையாளர்கள் அதனை ஓர் அபூர்வக் காட்சியாகவே வரவேற்றனர். செலவு மிகுதி, உருவாக்க நேரம் மிகுதி, பயன் உறுதியற்றது. கதையின் நடுநரம்பைத் தாங்கிய விதியைப் போட்டி ஏறத்தாழக் கழித்துவிட்டது. தேய்ந்த உடலைப் பழுதுபார்த்து மீண்டும் களத்துக்கு அனுப்பும் விதியை அடித்தளமாக்கிக் கொண்டது. விதிகள் பொருளற்ற எந்திர உறுப்புகள் எனில், இவ்வேறுபாட்டைப் பயன்பாட்டுக் கணக்காக மட்டும் கொண்டு கடந்துவிடலாம். ஆனால் மருத்துவமும் மனக்கவர்வும் என்னென்ன பொருளைச் சுமந்து இத்தொகுதிக்குள் வந்தன என்பதை அறிந்தபின், எது தங்கியது, எது கழிந்தது என்பதும் வாசிப்புக்குரியதாகிறது. 2010இல் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ வந்தபின்னும், 2012இல் பழைய விளையாட்டின் தொலைக்காட்சிப் போட்டிகள் நின்றபின்னும், 2017இல் மெருகேற்றப்பட்ட பதிப்பு வெளியிடப்பட்டபோதும், இந்த விகிதம் பெரிதாக மாறவில்லை.

மறைகட்டமும் இறுதிக் கடிதமும்

ஜெர்க் பகுதியின் ஒன்பதாம் கட்டம் நேர வரையறை உடையது. அதனை விரைந்து முடிப்பவருக்கு மட்டும் ஒரு மறைகட்டம் திறக்கிறது. அதில் ஆட்டக்காரர் திடீரென ஜெராட்டுலின் புரோட்டாஸ் படையை நடத்துகிறார். டுரான் வேறொரு பெரிய ஆற்றலுக்குப் பணிபுரிவதையும், இரு இனங்களின் கலப்புயிரை உருவாக்கி வருவதையும் ஜெராட்டுல் அங்கே கண்டறிகிறான். செரிபிரேட்டாக விளிக்கப்பட்டு வந்தவர் அறியக்கூடாத செய்தி இது. அதனை அறிவிக்க அந்த முன்னிலையையே கதை தற்காலிகமாகக் கைவிடவேண்டியிருக்கிறது. கெரிகனும் அறியாமல் யாருக்கோ பயன்பட்டிருக்கிறாள் என்பது இதனால் தெரியவருகிறது. ஆணையிடுபவர், ஆணை பெறுபவர் என்னும் அடுக்கில் அவளுக்கும் மேலே யாரோ இருக்கின்றனர். பெரும்பாலோர் கண்ணிலேயே படாத ஓர் இடத்தில் இதனை ஒளித்துவைத்த துணிவு வியப்புக்குரியது.

இறுதிக் கட்டத்தில் மெங்ஸ்க், ஆர்டானிஸ், டுகால் ஆகிய மூவரின் கப்பற்படைகளும் கெரிகனை ஒருசேரச் சூழ்கின்றன. மூன்று பகுதிகளிலும் ஆட்டக்காரர் யார் யாருக்காகப் போரிட்டாரோ, யார் யாரைக் காப்பாற்றினாரோ, அவர்களுள் எஞ்சியவர் எல்லாம் எதிர்ப்பக்கத்தில் நிற்கின்றனர். முதற் பகுதியில் அவர் கட்டியெழுப்பிய அதே வகைக் கோபுரங்களை இப்போது இடிக்கவேண்டும். வென்றபின் புதிய நிலமோ புதிய ஆற்றலோ எதுவும் கிட்டுவதில்லை. கெரிகன் தனித்து நிற்கிறாள். வெற்றி அவளுக்கு அமைதி தரவில்லை என்பதைச் சில தொடர்களில் கதை சொல்லி நிறுத்துகிறது.

அதன் பின் டுகாலின் கடிதம். பின்வாங்கும் கப்பலில் அமர்ந்து அவர் தம் மனைவிக்கு எழுதுகிறார். ஸ்டுகோவ் போரில் வீரமரணம் அடையவில்லை, தாமே கொன்றதாக, தமது செருக்கே கொன்றதாக ஒப்புக்கொள்கிறார்; பின் தம்மைச் சுட்டுக்கொள்கிறார். அக்கப்பற்படையில் ஒரு கப்பலும் பூமிக்குத் திரும்பவில்லை என்று முடிவுரை தெரிவிக்கிறது. ஆகவே கடிதத்தைப் பெறவேண்டியவர் அதனைப் பெற்றிருக்க வழியில்லை. இக்கதையில் விடை சொல்ல இயலாத கேட்போர் வரிசையில் அவரும் ஒருவர். டுரான் சுட்டான், டுகால் ஆணையிட்டார், அப்படையை அக்கட்டடத்தின் உள்ளறை வரை நடத்திச் சென்ற கேப்டன் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி அக்கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.